பூ ஜெல்லி உறையவில்லையா, கசக்கிறதா, நிறம் மங்கிவிட்டதா?

வேலியில் படர்ந்த சங்குப்பூ, கொல்லைச் செம்பருத்தி, பன்னீர் ரோஜா, பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறித்ததில் மிச்சமான ஆவாரம்பூ. நான் பாட்டிலில் போடுவது இந்த நான்கைத்தான். பழ ஜாம் போட்டுப் பழகிய கைக்குக்கூட பூ ஜெல்லி முதலில் பிடிபடாது. பழத்தில் பெக்டினும் புளிப்பும் ஏற்கெனவே இருக்கும். பூவில் இரண்டுமே பெயருக்குக்கூட இருக்காது. அது தருவது நிறமும் மணமும்தான். உறைய வைக்கிற பெக்டின், அந்தப் பெக்டின் பிடிக்கத் தேவையான புளிப்பு, தண்ணீரைக் கட்டிவைக்கிற சர்க்கரை மூன்றையும் நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஏதோ ஒன்று குறைந்ததால் வருபவை.

எதிலிருந்து பிசகியது என்று பார்க்க ஓர் அளவு வேண்டுமே, அதனால் என்னுடைய அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். பெக்டினுக்கு நான் கொய்யாவை நம்புகிறேன். வெள்ளைக் கொய்யா ஒரு கிலோ, செங்காயாக இருக்க வேண்டும். நன்றாகப் பழுத்துக் குழைந்ததில் பெக்டின் குறைந்துவிடும். தோலோடும் விதையோடும் நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் விட்டு அரை மணி நேரம் வேகவைத்து, வெள்ளைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் பாத்திரத்தில் வழவழப்பான தெளிந்த நீர் இறங்கியிருக்கும். இன்னொரு பக்கம், இரண்டு கப் இதழை அழுத்தி அளந்து, ஒரு கப் கொதிநீர் ஊற்றி மூடிவைத்து வடிகட்டினால் பூநீர் தயார். கொய்யா நீர் இரண்டு கப், அதாவது அரை லிட்டர். சர்க்கரை அரை கிலோ. எலுமிச்சைச் சாறு நான்கு மேசைக்கரண்டி. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் கொய்யா நீரும் சர்க்கரையும் பத்து நிமிடம் நன்றாகக் கொதித்த பிறகு பூநீரும் எலுமிச்சையும் சேரும். பதம் வந்ததும் வெந்நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்த கண்ணாடி பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடிவிட வேண்டும்.

சரி, இப்போது கோளாறுகளுக்கு வருவோம்.

சாப்பிட்டதும் குமட்டல், வாந்தி, தலைசுற்றல்

இது சமையல் கோளாறு இல்லை, பூவின் கோளாறு. அதனால் இதை முதலில் வைக்கிறேன். அரளி எந்த நிறமானாலும் விஷம். மஞ்சள் அரளியும் அப்படித்தான். அதில் இருப்பது இதயத் துடிப்பைக் குலைக்கிற நச்சு. கொதிக்கவைத்தாலும் சர்க்கரையில் போட்டாலும் போகாது. சாமிக்குச் சூட்டுகிற பூ என்பதால் வாயில் வைக்கவும் ஏற்றது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது இந்த ஆபத்தை எண்ணித்தான். செங்காந்தள், ஊமத்தை, எருக்கு, நித்தியகல்யாணி எதுவும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. சங்குப்பூவிலும் இதழ் மட்டும்தான். அதன் விதை பேதிக்குக் கொடுப்பது, ஒன்றிரண்டு காய்கூடக் கலந்துவிடாமல் பாருங்கள். கர்ப்பிணிகளுக்குச் செம்பருத்தி வேண்டாம் என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, நானும் கொடுப்பதில்லை.

சரியான பூவாகவே இருந்தும் வயிறு கெட்டால், பறித்த இடத்தை யோசியுங்கள். பூக்கடை ரோஜாவுக்கு மருந்து அடித்திருப்பார்கள், அது சாப்பிட வளர்த்த பூ இல்லை. நெடுஞ்சாலை ஓர ஆவாரம்பூவில் வண்டிப் புகையும் தூசியும் படிந்திருக்கும். தவறான பூவைச் சாப்பிட்டுவிட்டோம் என்ற சந்தேகம் வந்தாலே 108க்கு அழையுங்கள், மிச்சமிருக்கும் பூவையும் பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மோர் குடித்தால் முறிந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

உறையவே இல்லை, பாகாக ஓடுகிறது

முதலில் ஒரு நாள் பொறுங்கள். சில பாட்டில்கள் உறைய இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துச் சாய்த்துப் பார்த்தால், பிடித்துக்கொண்டு வரும் வலையை நாமே கலைத்துவிடுகிறோம். இரண்டு நாளாகியும் ஓடினால் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வையுங்கள். வெறும் இனிப்புதான், புளிப்பே தெரியவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. பெக்டின் உறைய, புளிப்பை அளக்கும் பி.எச். அளவு ஏறக்குறைய 3 வர வேண்டும். பூநீரோ பச்சைத் தண்ணீரைப் போலத்தான் இருக்கும். எலுமிச்சை ருசிக்காகப் போடுவது, குறைத்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு ஜெல்லி உறையாது. புளிப்பு இருந்தால்தான் பாட்டிலுக்குள் ஆபத்தான கிருமி வளராது என்பதும் உண்டு. அந்த நான்கு கரண்டியைக் குறைக்கவே கூடாது.

புளிப்பு இருக்கிறது, ஆனாலும் ஓடுகிறதா? அப்படியானால் பதம் பிசகியிருக்கும். நம் வீடுகளில் பாகு என்றாலே விரலில் தொட்டுக் கம்பி இழுத்துப் பார்க்கிற பழக்கம். அதிரசத்துக்கும் மைசூர்பாகுக்கும் அது சரி. ஜெல்லிக்குக் கம்பிப் பதம் துணைக்கு வராது. பெக்டினே இல்லாத சர்க்கரைப் பாகும் கம்பி இழுக்கும். ஒரு எவர்சில்வர் தட்டை ஃப்ரீசரில் வையுங்கள். பதம் நெருங்குகிறது என்று தோன்றும்போது அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த தட்டில் அரைக் கரண்டி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரல் நுனியால் மெல்லத் தள்ளுங்கள். பாகு விரலுக்கு முன்னால் தண்ணீராக ஓடினால் இன்னும் நேரமிருக்கிறது. மேல்தோல் பாலாடை போலச் சுருங்கி, விரல் போன தடம் மூடாமல் நின்றால் அதுதான் பதம். தட்டை வைத்துப் பார்க்கும்போது அடுப்பை அணைக்காமல் விட்டால், நீங்கள் பார்த்து முடிப்பதற்குள் பாத்திரத்தில் பதம் தாண்டியிருக்கும்.

வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கதி. எல்லாக் குறிப்பிலும் 105 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அது கடல் மட்டத்துக்கான கணக்கு. கொடைக்கானலில் இருக்கும் என் அக்கா ஒருநாள் போன் பண்ணி, "ஏன்டி, முக்கால் மணி நேரமாக் கொதிக்குது, நீ சொன்ன சூடு வரவே மாட்டேங்குது, அடியில கருகுற வாசம் வருது" என்றாள். தப்பு அவளுடையது இல்லை. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 93 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே ஜெல்லிப் பதம் 97, 98 டிகிரியிலேயே வந்துபோயிருக்கும். எந்த ஊரானாலும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் 4 முதல் 5 டிகிரி வரும் இடம்தான் பதம். வெப்பமானி ஓரிரு டிகிரி தப்பாகக் காட்டினாலும் இந்தக் கணக்கில் அது அடிபட்டுப் போகும்.

பதமும் சரி, புளிப்பும் சரி என்றால் கொய்யாவைத்தான் சந்தேகப்பட வேண்டும். கொய்யா நீரில் பெக்டின் போதுமா என்று அடுப்பேற்றும் முன்பே தெரிந்துகொள்ளலாம். ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி கொய்யா நீர், அதோடு இரண்டு தேக்கரண்டி மருந்துக்கடை ஸ்பிரிட். லேசாகச் சுழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். முட்டை வெள்ளை போல ஒரே கட்டியாகத் திரண்டு கரண்டியோடு எழுந்து வந்தால் நல்ல பெக்டின். துண்டு துண்டாகத் திரிந்தால் கொய்யா நீரைக் கால் பங்கு சுண்டவையுங்கள். ஸ்பிரிட் கலந்ததைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவுங்கள். அதை நாக்கில் வைக்கக் கூடாது. கொய்யா கிடைக்காத காலத்தில் விளாங்காய் உதவும். பெக்டினுக்கு அதுவும் குறைவில்லை, ஆனால் அதன் மணம் ரோஜாவை அமுக்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பூ நிறையக் கிடைத்துவிட்டது என்று ஒரே பாத்திரத்தில் இரண்டு மடங்கு போடுவது. தண்ணீர் வற்ற நேரம் இழுக்கும், நெடுநேரம் புளிப்போடு கொதிக்கும் பெக்டின் உடைந்துவிடும், பிறகு எவ்வளவு கொதிக்கவிட்டாலும் பிடிக்காது. இரண்டு முறை தனித்தனியாகப் போடுவதுதான் உண்மையில் சீக்கிரம் முடியும்.

உறையாததைக் கொட்ட வேண்டாம். பாட்டில்களைத் திறந்து எல்லாவற்றையும் பாத்திரத்தில் ஊற்றி, ஒரு கப் புதுக் கொய்யா நீரும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சையும் சேர்த்துப் பெருந்தீயில் மறுபடி பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மணம் கொஞ்சம் குறையும், ஜெல்லி கிடைத்துவிடும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் அப்படியே பிரிட்ஜில் வைத்து சர்பத்துக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். உறையாத ரோஜாப் பாகும் நன்னாரி சர்பத் குடிக்கிற அதே டம்ளரில் நன்றாகத்தான் இருக்கும்.

ரப்பர் மாதிரி இறுகிவிட்டது

பதம் தாண்டிவிட்டது, அல்லது பெக்டின் பவுடரைக் கொய்யா நீரோடு சேர்த்துப் போட்டுவிட்டீர்கள். பாட்டிலுக்கு இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு மிதமான சூட்டில் இளக்கினால் தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் பதத்துக்கு வரும். இளக்கியதைப் பிரிட்ஜில் வைத்து சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

வெண்டைக்காய் போலக் கொழகொழவென்று இழுக்கிறது

செம்பருத்திதானே? வெண்டையும் அதுவும் ஒரே குடும்பம், அந்தக் கொழகொழப்பு இதழிலேயே இருக்கிறது. சீயக்காயோடு அரைத்துத் தலைக்குத் தேய்க்கும்போது நுரையாக வழுக்கும் அதே சங்கதி. பச்சைக் காம்புக் கிண்ணத்தையும் நடுத்தண்டையும் மகரந்தத்தோடு கிள்ளி எறிந்துவிட்டு, வெறும் இதழை மட்டும் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள். இதழ் வெளுத்துத் துவண்டதுமே நிறம் முழுக்க இறங்கிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் இறங்குவது கொழகொழப்புதான். வடிகட்டும்போது இதழைப் பிழியாதீர்கள். அந்தக் கடைசிச் சொட்டு நிறத்துக்கு ஆசைப்பட்டுப் பிழிகிற கைதான் ஜெல்லியை நூல் நூலாக இழுக்க வைக்கிறது.

நிறம் செத்துவிட்டது, அல்லது எதிர்பார்த்த நிறம் வரவில்லை

செம்பருத்தி, சங்குப்பூ, ரோஜா மூன்றிலும் நிறம் தருவது ஆந்தோசயனின். அது புளிப்புக்கு ஏற்ப முகம் மாற்றும். புளிப்பில் சிவக்கும், காரத்தன்மை உள்ள உப்புத் தண்ணீரில் நீலமாகவும் சாம்பலாகவும் மங்கும்.

கோவைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் வருகிறது. ஒரு முறை ஒரே செடியின் செம்பருத்தியை இரண்டு டம்ளரில் போட்டு, ஒன்றில் சிறுவாணித் தண்ணீரையும் மற்றதில் போர் தண்ணீரையும் கொதிக்கவைத்து ஊற்றினேன். சிறுவாணித் தண்ணீரில் ஊதாச் சிவப்பு. போர் தண்ணீரில் சிலேட்டைக் கழுவிய மாதிரி ஒரு சாம்பல் நீலம். இரண்டிலும் எலுமிச்சை பிழிந்ததும் முதல் டம்ளர் மாதுளை நிறத்துக்குப் போனது. இரண்டாவதும் சிவந்தது, ஆனால் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சாறு பிடித்தது. உங்கள் பூநீர் சாம்பலாக இருந்தால் பூவைக் குறை சொல்லாதீர்கள், குடிநீரில் போட்டுப் பாருங்கள். அலுமினியப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் நிறத்தைக் கெடுக்கும்.

சங்குப்பூவில் வரும் ஏமாற்றம் வேறு மாதிரி. கடல் நீலத்தில் ஜெல்லி வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆரம்பிப்பார்கள். எலுமிச்சையின் முதல் சொட்டு விழுந்த இடத்தில் ஊதா நிறம் புகை போல விரியும். கலக்கக் கலக்கப் பாத்திரம் முழுக்க ஊதாவாகும், மேலும் விட்டால் இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். பெக்டின் ஜெல்லிக்குப் புளிப்பு இல்லாமல் முடியாது, புளிப்பு சேர்ந்தால் நீலம் நிற்காது. ஆகவே பாட்டிலில் போடும் சங்குப்பூ ஜெல்லி ஊதாதான். எனக்கு அந்த ஊதா மிகவும் பிடிக்கும். நீலமே வேண்டும் என்றால் கடல்பாசியில் (அகரில்) செய்யுங்கள், அதற்குப் புளிப்பு தேவையில்லை. மலேசியாவில் நாசி கெராபு சோற்றை நீலமாக்குவது இதே பூதான்.

போட்டபோது நன்றாக இருந்து, இரண்டு மூன்று மாதத்தில் பழுப்பாகிவிட்டதா? வெளிச்சமும் சூடும் பட்டிருக்கிறது. சன்னலோரம் அழகாக அடுக்கிவைக்க ஆசை வரும்; அலமாரிக்குள் வையுங்கள். வெல்லம், நாட்டுச்சர்க்கரை போட்டவர்களுக்கு நிறம் முதல் நாளே பழுப்பாகத்தான் இருக்கும். ஆவாரம்பூவுக்கு மட்டும் அது பொருந்தும், மற்ற மூன்றுக்கும் வெள்ளைச் சர்க்கரைதான்.

கசக்கிறது, துவர்க்கிறது, பச்சை வாடை அடிக்கிறது

காம்பு, புல்லி, மகரந்தம் எது சேர்ந்தாலும் இந்த ருசி வரும். ரோஜா இதழின் அடியில் ஒரு வெள்ளை முனை இருக்கும், கசப்பு அதில்தான். நான்கைந்து இதழைச் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டில் கத்தரித்துவிடலாம். ஆவாரம்பூவில் துவர்ப்பு இயல்பு. அதன் பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள் என்றால் எவ்வளவு துவர்ப்பு இருக்கும் என்று பாருங்கள். மஞ்சள் இதழை மட்டும் உருவி, கொதிநீரில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். பூவை நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் எந்தப் பூவும் கஷாயம்தான். கசந்துபோன பாட்டிலை இனிப்பாக்கிச் சரிசெய்ய வழியில்லை. இஞ்சிச் சாறு ஒரு கரண்டி விட்டு மறுபடி பதம் காய்ச்சினால் கசப்பு ஓரளவு மறையும்.

நிறம் இருக்கிறது, மணம் இல்லை

சங்குப்பூவுக்கும் செம்பருத்திக்கும் மணம் முதலிலிருந்தே கிடையாது, அங்கே தேட வேண்டாம். ஒரு துண்டு எலுமிச்சைத் தோலோ ஒரு ஏலக்காயோ போதும். ரோஜாவில் மணம் காணாமல் போனால் அது ஆவியோடு போய்விட்டது. மூன்று திருத்தங்கள்: வெயில் ஏறும் முன் பறியுங்கள், இதழ் ஊறும்போது தட்டுப் போட்டு மூடுங்கள், பூநீரைக் கொதியின் தொடக்கத்தில் ஊற்றாமல் கடைசிக் கட்டத்தில் சேருங்கள். அடுப்பை அணைத்த பிறகு ஒரு மேசைக்கரண்டி பூநீரைத் தனியாகக் கலப்பதும் நல்லதுதான், அதற்கு மேல் போனால் பதம் இளகும்.

கலங்கலாக இருக்கிறது

கொய்யாத் துணியைப் பிழிந்திருப்பீர்கள். தானாக வடிந்தது மட்டும் தெளிந்திருக்கும். பாட்டில் ஓரத்தில் குமிழியும் வெள்ளை நுரையும் தெரிந்தால், ஊற்றும் முன் ஏடு எடுக்கவில்லை. ருசிக்கு ஒன்றும் குறைவில்லை, சாப்பிடலாம்.

மண் போலக் கரகரக்கிறது

சர்க்கரை மீண்டும் படிகமாகியிருக்கிறது. கரையும் முன் கொதி வந்தது, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையைக் கரண்டியால் சுரண்டி உள்ளே தள்ளியது, மிகவும் வற்றவிட்டது, மூன்றில் ஒன்றாக இருக்கும். ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே காய்ச்சுங்கள். கரகரத்த பாட்டிலைச் சுடுநீரில் வைத்துக் கரைத்து உடனே பயன்படுத்தலாம்.

மேலே பூஞ்சை, அல்லது திறந்ததும் நுரைத்துப் புளித்த வாடை

கொட்டுங்கள். மேலாக வழித்துவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடலாம் என்று ஊறுகாய்க்குச் செய்வதுபோல இதில் செய்யக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு பூஞ்சை நிற்பதில்லை. சர்க்கரையைக் குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. உறைந்த ஜெல்லியில் ஏறக்குறைய 65 விழுக்காடு சர்க்கரை இருந்தால்தான் வெளியில் வைக்க முடியும். அதைப் பாதியாக்கினால் அது பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்க்கும் பண்டம். ஈரக் கரண்டி, சூடு ஆறிய பிறகு ஊற்றியது, கழுவி ஈரத்தோடு மூடிய பாட்டில் ஆகியவை அடுத்த காரணங்கள். திறந்த பாட்டில் எப்போதும் பிரிட்ஜில்தான்.

கடல்பாசியில் செய்தது: கரையவில்லை, தண்ணீர் விடுகிறது, துண்டு நிற்கவில்லை

நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சும் வீடுகளுக்கு இதெல்லாம் கைவந்த கலை. ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும் அகர் தயாரிக்கப் போகிற பாசிகள்தான். கடையில் கம்பியாகவோ பவுடராகவோ கிடைப்பதைத் தண்ணீரில் ஊறவைத்து, உண்மையாகவே கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடமாவது வைத்தால்தான் முழுக்கக் கரையும். வெதுவெதுப்பில் கரைத்தால் மணல் மணலாக நிற்கும். 10 கிராம் கம்பிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது துண்டு போட ஏற்ற அளவு.

கரைந்தும் துண்டு நிற்கவில்லை என்றால் எலுமிச்சையைக் கொதிக்கும்போதே விட்டிருப்பீர்கள். புளிப்போடு கொதித்தால் பாசியின் பிடிப்பு உடையும். அடுப்பை அணைத்து, பூநீரையும் எலுமிச்சையையும் அப்போது கலக்குங்கள். அதிகம் யோசிக்க நேரமில்லை, 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் பிரிட்ஜ் இல்லாமலே உறைய ஆரம்பித்துவிடும். பூநீர் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு இருந்தால் ஊற்றிய இடத்திலேயே கட்டிகட்டியாகப் பிடிக்கும். அப்படி ஆனால் பதறாமல் மறுபடி கொதிக்கவைத்தால் கரைந்துவிடும், கடல்பாசியில் அந்த வசதி உண்டு.

மறுநாள் தட்டில் தண்ணீர் தேங்குவது கடல்பாசியின் இயல்பு. வெட்டிவைத்தால் இன்னும் அதிகம் விடும். சாப்பிடும் நேரத்தில் துண்டு போடுங்கள், மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.